கோஸ்தான் விளக்கு: சிம்பாங் பூலாய் டிரெய்லர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிம்பாங் பூலாய், கிராமாட் பூலாய், கோப்பெங் வட்டாரத்தில் டிரெய்லர் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அவற்றை ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும்:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் டிரெய்லர்கள் பலவற்றின் பின்னால், வண்டி பின்னோக்கி வரும்போது எரிய வேண்டிய கோஸ்தான் விளக்கு எரிவதில்லை. சிலவற்றில் விளக்கே கிடையாது. சிலவற்றில் விளக்கு இருக்கிறது, ஒயர் அறுந்து கிடக்கிறது. இன்னும் சிலவற்றில் விளக்கும் ஒயரும் ஒழுங்காக இருந்தும் பிரைம் மூவரிலிருந்து மின்சாரம் அந்தப் பக்கம் போவதே இல்லை. பின்கியர் போட்டால் டிரெய்லரை இழுக்கும் தலையின் முதுகில் இருக்கும் விளக்கு எரிந்து டிரெய்லரின் முன்பலகையைப் பளிச்சென்று காட்டுகிறது. அதைப் பார்த்து யாருக்கு என்ன பயன்?

நான் லோரி ஒயரிங் செய்கிறவன். உங்களில் பலருடைய வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறேன். பின்விளக்கு போனால் அன்றைக்கே வந்து நிற்கிறீர்கள். பிரேக் லைட், சிக்னல் என்றால் பாதி வழியிலிருந்தே போன் வருகிறது. சாலையில் அவற்றுக்குச் சம்மன் விழும் என்ற பயம் இருக்கிறது. கோஸ்தான் விளக்கைப் பற்றி நீங்களாக வாய் திறப்பது அரிது. நானாக எடுத்துச் சொன்னாலும், "அத அடுத்த தடவ பாத்துக்கலாம்ணே, லோடு காத்துக்கிட்டு இருக்கு" என்ற பதில்தான். அடுத்த தடவையும் லோடு காத்துக்கொண்டுதான் இருக்கிறது. பட்டறையில் நின்றபடி சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதால், எல்லாருக்கும் ஒரே முறையாக எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் லோடு ஏற்றும் நேரத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. சூரியனுக்கு யாரும் கடிதம் போடவில்லை. ஆகையால் ஈப்போ பக்கத்தில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான் பொழுது விடிகிறது. அதிலும் சுண்ணாம்பு மலையடிவாரத்தில் இருக்கும் குவாரிக்குள் வெயில் எட்டிப் பார்க்க இன்னும் நேரம் பிடிக்கும். நீங்கள் ஐந்தரைக்கு வரிசையில் நிற்கிறீர்கள். முதல் லோடு ஏறும் ஆறு மணி, நம் ஊரில் முழு இருட்டு. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் ஆறரைக்கே மறுபடியும் இருட்டு. ஆக, நாளின் முதல் கோஸ்தானும் கடைசிக் கோஸ்தானும் பெரும்பாலும் வெளிச்சம் இல்லாமல்தான் நடக்கின்றன. பட்டப்பகலில் அடிக்கும் நடுவாந்திரக் கோஸ்தானை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு "எனக்குப் பழகிப் போச்சு" என்கிறீர்கள்.

பழக்கம் எதைப் பார்த்து வருகிறது? கண்ணாடியைப் பார்த்துத்தானே. நாற்பது அடி டிரெய்லர் என்றால் பன்னிரண்டு மீட்டருக்கு மேல். அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை எந்தக் கண்ணாடியும் காட்டாது. இரண்டு ஓரங்களை மட்டும்தான் காட்டும். ஸ்டீயரிங்கை ஒடித்தவுடன் அந்த இரண்டில் ஒன்றும் போய்விடும். டிரெய்லரின் வால் வலப்பக்கம் திரும்பினால் வலக் கண்ணாடியில் வண்டியின் ஓரம் தெரியும், இடக் கண்ணாடியில் ஒன்றுக்கும் உதவாத வேறு ஏதோ தெரியும். இடப்பக்கம் திருப்பினால் இன்னும் மோசம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் தலையை வெளியே நீட்டிப் பார்க்கவும் வழியில்லை. இதெல்லாம் பகலில். இரவில் மிச்சமிருக்கும் அந்த ஒற்றைக் கண்ணாடியில் என்ன தெரிகிறது? பின்விளக்கின் சிவப்பு. அந்தச் சிவப்பு, பின்னால் வருகிறவனுக்கு உங்களைக் காட்டுவதற்காக வைத்தது. பின்னால் நிற்கிறவனை உங்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது அல்ல. எண் பட்டைக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான்.

இதோடு குவாரியின் கம்பத்து விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான தராசு மேடையில் எடை போட்டு, ரசீது வாங்கி, போனில் ஒரு செய்தி பார்த்துவிட்டு, அடுத்த நிமிடமே இருட்டுக்குள் கோஸ்தான் அடிக்கிறீர்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நீங்கள் அதற்கு இருபது நொடிகூடக் கொடுப்பதில்லை. மெதுவாகத்தானே போகிறோம் என்பீர்கள். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றாலே நொடிக்கு ஒன்றே கால் மீட்டருக்கு மேல். யாரோ கத்துவது காதில் விழுந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி ஒரு ஆள் நீளம் நகர்ந்துவிடும். காற்று பிரேக் டிரெய்லரின் கடைசி அச்சைப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கு மேல்.

"அதுக்குத்தான் கெலிண்டான் இருக்கானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த மடலில் எனக்குக் கோபம் வரும் இடம் இது.

கெலிண்டான் யார்? ஓட்டுநருக்கு உதவியாக லோரியில் ஏறும் பையன். உங்களில் பாதிப்பேர் அந்த வேலையிலிருந்து மேலே வந்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, பிறகு விற்கப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, படிப்பு ஏறாத பையன்களுக்குக் கல்லும் லோரியும்தான் கதி என்று ஆன ஊர் இது. இன்றைக்கும் படிவம் ஐந்தோடு நின்றுவிட்ட பையன் முதலில் ஏறுவது உங்கள் வண்டியின் இடப்பக்க இருக்கையில்தான். அவனிடம் நீங்கள் கொடுக்கும் முதல் பொறுப்பு, இருட்டில் இறங்கிப் போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, போனில் டார்ச் அடித்து, "வா, வா, வா" என்று கத்துவது.

அந்த வேலையை அவன் சரியாகச் செய்ய வேண்டுமானால் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் டிரெய்லருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் இருப்பதைப் பார்க்கப் போனால் உங்கள் கண்ணிலிருந்து மறைவான். வெளிச்சம் இருந்தால் அவன் பத்து மீட்டர் தள்ளி, ஓரமாக நின்றுகொண்டே இரண்டையும் பார்க்கலாம். வெளிச்சம் இல்லாததால்தான் கிட்டே போகிறான், நடுவில் போகிறான், குனிந்து பார்க்கிறான். இருட்டு அவனை எந்த இடத்துக்கு இழுக்கிறது என்று கவனித்தீர்களா? நீங்கள் பார்க்கவே முடியாத ஒரே இடத்துக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பெயர் வேண்டாம், எந்த முற்றம் என்றும் வேண்டாம். டிரெய்லரின் பம்பருக்கும் லோடு ஏற்றும் மேடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பு முறிந்தது. ஓட்டுநர் நல்லவர், பதினைந்து வருட அனுபவம், பையன் ஓரமாகத்தான் நிற்கிறான் என்று நினைத்திருந்தார். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார். பையன் பெயரில் சொக்சோ, அதாவது தொழிலாளர் பாதுகாப்புக் காப்புறுதி, கட்டியிருக்கவில்லை. தினக்கூலி, கையில் காசு, கணக்கில் அவன் இல்லவே இல்லை. சொக்சோ நம் நாட்டில் 1971-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அது எட்டவில்லை என்றால், முதலாளிமார்களே, அது உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் ஓட்டை. விளக்கைப் பற்றி எழுத வந்தவன் சொக்சோவைப் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த வண்டிக்கும் பின்விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் இருந்தன. இல்லாதது கோஸ்தான் விளக்கு.

இப்படி நடப்பவை செய்தியில் வருவதில்லை. வருவது வேறு. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில், சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும், கல் ஏற்றி வந்த லோரியும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்கு வந்தவர்கள். நம் தொழிலைச் சேர்ந்த லோரி. அடுத்த மாதமே கிரிக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் பேருந்து விபத்தில் போனார்கள். அதற்குப் பிறகுதான் பார எடை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அந்த இரண்டு விபத்துக்கும் கோஸ்தான் விளக்குக்கும் தொடர்பு இல்லை. இருப்பதாக நான் சொல்லவும் இல்லை. ஒரே நேரத்தில் பலர் இறந்தால் நாடு சட்டம் போடுகிறது. ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு கால், ஒரு இடுப்பு, எப்போதாவது ஒரு உயிர் என்று போனால், கேட்டுக்குள் நடந்தது கேட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது: வேலையிடங்களில் வண்டியால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று, வண்டி பின்னோக்கி வரும்போது நடப்பது. ஒரு நாளில் வண்டி பின்னோக்கி ஓடும் தூரம் எவ்வளவு? சில நூறு மீட்டர் இருக்குமா? அந்தச் சில நூறு மீட்டருக்குள் நாலில் ஒரு சாவு.

கேமரா போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: நல்லது, கழற்றாதீர்கள். ஆனால் கேமராவுக்கும் வெளிச்சம் வேண்டும். அதில் இருக்கும் இரவுக்கண் சில மீட்டர் வரைதான் காட்டும். சுண்ணாம்புத் தூள் படிந்தால் அதுவும் மங்கும். தூள் ஆலைப் பக்கம் போய் வரும் வண்டிகளின் கேமராவைத் துடைத்தால் துணி வெள்ளையாகிறது. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தக் கேமராவே இரண்டு மடங்கு உழைக்கும்.

பீப் பீப் என்று கத்தும் பஸ்ஸர் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: கல் உடைக்கும் எந்திரம் ஓடும் இடத்தில், காதடைப்பு மாட்டியிருப்பவனுக்கு அது கேட்குமா? ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள் கத்தினால் எந்த வண்டி தன்மேல் வருகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வெள்ளை விளக்குக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அது உங்களுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது; பின்னால் இருப்பவனுக்கு நீங்கள் வருவதைச் சொல்கிறது.

அபாய விளக்கைத் தட்டிவிட்டுக் கோஸ்தான் அடிப்பவர்களுக்கு என்ன சொல்ல? பழுதாகி நிற்கிற வண்டியும் அதைத்தான் போடுகிறது.

"சோதனையில கேக்கலியே" என்று சொல்கிறவர்களும் இருக்கிறீர்கள். சோதனை நிலையத்துக்குப் போகும் முதல் நாள் இன்னொரு வண்டியிலிருந்து விளக்கைக் கழற்றி மாட்டி, மறுநாள் திரும்பக் கழற்றும் வித்தை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வேலைக்கு என்னிடம் வராதீர்கள். சோதனையை விடுங்கள், வெளியுலகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஐக்கிய நாட்டு ஐரோப்பிய பொருளாதார ஆணையத்தின் 48-ஆம் எண் விதி, வாகன விளக்குகளைப் பற்றியது. எடை குறைந்த குட்டி டிரெய்லர்களைத் தவிர, முக்கால் டன்னுக்கு மேற்பட்ட எல்லா டிரெய்லருக்கும் கோஸ்தான் விளக்கு கட்டாயம் என்கிறது. அமெரிக்காவில் டிரெய்லருக்கு அது கட்டாயம் இல்லை. அதனால் அங்கே விடுமுறைக்கு வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள், இரவில் முகாமுக்குள் கோஸ்தான் அடிக்க முடியாமல் திண்டாடி, தாங்களே விளக்கு வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வண்டி இழுப்பவனுக்கு வந்த புத்தி, தினம் நாற்பது டன் இழுக்கும் நமக்கு ஏன் வரக்கூடாது?

இனி வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி வண்டிகளில் விளக்கு செத்ததற்குக் காரணம் அரைகுறை வேலை.

பழைய டிரெய்லர்களில் இருப்பது ஒரே ஒரு ஏழு பின் சாக்கெட். 24 வோல்ட் லோரிக்கு என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அமைப்பு அது. வெள்ளை ஒயர் எர்த். கறுப்பும் பழுப்பும் இடது, வலது பின்விளக்கு. மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக். ஏழாவது பின் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக்கு என்று ஒதுக்கியது. கவனியுங்கள், இந்த ஏழில் கோஸ்தானுக்கு இடமே இல்லை. அது போன்றவற்றுக்காக இரண்டாவது ஏழு பின் சாக்கெட் ஒன்று உண்டு. அதில் மூன்றாவது பின் கோஸ்தான் விளக்குக்கு. புதிய வண்டிகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிய பதினைந்து பின் சாக்கெட் வருகிறது. அதில் எட்டாவது பின். உங்கள் பிரைம் மூவரில் பதினைந்து பின், டிரெய்லரில் ஏழு பின் என்று இருந்து, நடுவே மாற்று சாக்கெட் போட்டு ஓட்டுகிறீர்கள் என்றால், கோஸ்தான் மின்சாரம் அந்த மாற்று சாக்கெட்டிலேயே நின்றுவிடுகிறது. விளக்கு எரியாத மர்மம் பெரும்பாலும் இதுதான்.

சில பட்டறைகளில் சும்மா கிடக்கும் ஏழாவது பின்னில் கோஸ்தானை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே தலை, ஒரே டிரெய்லர் என்று கடைசி வரை சேர்ந்தே ஓடினால் அது பரவாயில்லை. நம் தொழிலில் அப்படியா? காலையில் ஒரு டிரெய்லர், மாலையில் வேறு டிரெய்லர். அந்த ஏழாவது பின்னில் வேறு எதையாவது இணைத்திருக்கும் டிரெய்லரை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே இரண்டாவது சாக்கெட் போடுங்கள், எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி போடுங்கள். ஒரு முதலாளியிடம் ஐந்து டிரெய்லர் இருந்தால் ஐந்திலும் அதே பின்னில் கோஸ்தான் இருக்க வேண்டும். பக்கத்து முதலாளியோடு டிரெய்லர் மாற்றிக்கொள்கிறீர்கள் என்றால் அவரையும் கூப்பிட்டுப் பேசி ஒரே முறைக்கு வாருங்கள்.

கியர்பாக்ஸில் இருக்கும் கோஸ்தான் சுவிட்ச் சின்னது. இரண்டு பல்பை எரிக்கும் அளவுக்குச் செய்தது. அதிலிருந்து நேராக ஒயர் இழுத்து நாலு விளக்கு போட்டால் சில மாதத்தில் அதன் உள்முனை கருகிவிடும். அந்த சுவிட்ச் ஒரு ரிலேவை மட்டும் தட்டட்டும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனியாக வரட்டும். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் அல்ல. ஒயர் நடுவில் உரசி அறுந்தால் தீப்பிடிப்பதைத் தடுக்கத்தானே பியூஸ்?

ஒயரின் தடிமனில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து டிரெய்லரின் வால் வரை, சுருள் கேபிளையும் சேர்த்தால், இருபது மீட்டர் ஓடுகிறது. திரும்பி வரவும் இருபது. 21 வாட் பல்பு இரண்டு போட்டால் ஏறக்குறைய இரண்டு ஆம்பியர். அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே இரண்டரை வோல்ட் போய்விடும். பல்பின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் போகும். எர்த்துக்கு டிரெய்லரின் இரும்பையே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருட டிரெய்லரின் இரும்பில் துரு எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். எர்த்துக்கும் ஒயர் இழுங்கள். பிரேக் காற்றுக்குழாயோடு சேர்த்து ஒயரைக் கட்டாதீர்கள். ஏ.பி.எஸ். கேபிளிலிருந்து மின்சாரம் திருடாதீர்கள். அதைத் தொட்ட கைக்கு வேலை தெரியாது என்று அர்த்தம்.

எல்.இ.டி. போடுவது நல்லது. மின்சாரம் குறைவாக எடுக்கும், அதிர்வைத் தாங்கும். ஆனால் 24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிக்கப்புக்கு வாங்கிய 12 வோல்ட் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், பூட்டிய அன்றே போய்விட்டது என்று திட்டுகிறீர்கள். தண்ணீர் புகாத கூடு வேண்டும். நம் ஊர் மழைக்கும் குவாரிச் சேற்றுக்கும் ஐ.பி. 67 இருந்தால் தாங்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் சுமாரில் பூட்டினால் கல் அடி குறையும், தரையிலும் வெளிச்சம் விழும். பம்பருக்கு அடியில் தொங்கவிட்டால் முதல் மேட்டிலேயே போச்சு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளை விளக்கு பின்கியர் போட்டால் மட்டும்தான் எரிய வேண்டும். வேலை விளக்கு என்று தனிச் சுவிட்ச் வைத்து, அதை அணைக்க மறந்து நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிகளைப் பார்க்கிறேன். பின்னால் வருகிறவனுக்குக் கண் கூசும். அதைவிட, நீங்கள் பின்னோக்கி வருகிறீர்கள் என்று அவன் நினைப்பான். கேமரன் மலையிலிருந்து பனிமூட்டத்தில் காய்கறி ஏற்றி இறங்கும் லோரிக்காரன், முன்னால் வெள்ளை விளக்கைப் பார்த்து என்ன செய்வான்? 185-ஆம் சாலையின் வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். தனிச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும் என்றால், கியர் மாற்றியவுடன் தானாக அணையும்படி ரிலே போடலாம், கண்ணுக்கு நேரே ஒரு சின்னக் காட்டி விளக்கும் வைக்கலாம். கேளுங்கள், செய்து தருகிறோம்.

பிக்கப்புக்குப் பின்னால் ஜெனரேட்டரும், கூடாரச் சாமானும், திருவிழா ஒலிபெருக்கியும் இழுக்கும் தம்பிகளே, நீங்களும் இதில் சேர்த்தி. உங்கள் 12 வோல்ட் ஏழு பின் சாக்கெட்டிலும் கோஸ்தானுக்கு இடம் இல்லை. பதின்மூன்று பின் போட்டால் எட்டாவது பின் அதற்குத்தான். கோயில் வாசலில் பிள்ளைகள் ஓடும் நேரத்தில், தேர் கிளம்பும் அவசரத்தில், நீங்கள் கோஸ்தான் அடிப்பதைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பார்க்கிறோம். குட்டி டிரெய்லர் பெரிய டிரெய்லரைவிடச் சீக்கிரம் ஒடியும். அதையும் மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு புது டயரின் விலையைவிடக் குறைவு. அந்தச் செலவு முதலாளியுடையது. இதை எழுத்தில் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டுநர்களே கைக்காசு போட்டு விளக்கு வாங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவரிடம் வண்டியின் பாகத்தையும் வாங்கச் சொல்வது நியாயமா? மூன்று நாலு டிரெய்லர் வைத்துக்கொண்டு, தவணையும் டீசலும் டோலும் கட்டித் திணறும் நம் சின்ன முதலாளிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். லோடு தரும் தவுக்கே கொடுக்கும் வாடகை ஏறவில்லை என்பதும் தெரியும். ஆனால் பம்பர் ஒரு தூணில் இடித்தால் அதைத் தட்டி நிமிர்த்த நீங்கள் கொடுக்கும் காசு, பெரும்பாலும் இந்த விளக்கின் விலையைத் தாண்டும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு சட்டம் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 26ஏ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்தோ வேலையிலிருந்தோ விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "விளக்கு எரியல, விடிஞ்ச பிறகு ஏத்துறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அதே உரிமை உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் உண்டு. அவன் அதைச் சொல்ல மாட்டான். வேலைக்குப் புதுசு, உங்களைக் கண்டால் பயம். அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தீபாவளிக்கு வண்டிகளைச் சில நாள் நிறுத்துவீர்கள் இல்லையா, அதற்குள் ஒவ்வொரு டிரெய்லருக்கும் இரண்டு கோஸ்தான் விளக்கு, தனி எர்த், ரிலே, பியூஸ் போட்டு முடித்துவிடுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. பூலாயிலிருந்து ஈப்போ வரை நல்ல ஒயரிங்காரர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குப் பழக்கமானவரிடம் போங்கள். முதலாளிகள் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் சீட்டில் "கோஸ்தான் லைட்" என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். ஓட்டுநர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைக்காதீர்கள். ஓட்டுநர்கள் காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும்போது, பின்கியர் போட்டுவிட்டுக் கெலிண்டானைப் பின்னால் போய் ஒரு முறை பார்த்துவரச் சொல்லுங்கள், வண்டியை நகர்த்தாமல், கைப்பிரேக் போட்டபடி. தூசியைத் துடைக்க ஒரு துணி கொடுத்தனுப்புங்கள். விளக்கு எரியும் வரை, இருட்டில் கோஸ்தான் அடிக்கும்போது யாரையும் டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள்; நீங்களே இறங்கி, நடந்து பார்த்துவிட்டு வந்து ஏறுங்கள்.

பட்டறைக்கு வரும்போது தலையையும் டிரெய்லரையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். டிரெய்லரை மட்டும் விட்டுவிட்டுப் போனால் ஒயர் இழுத்துத் தர முடியும், எரிகிறதா என்று சோதித்துத் தர முடியாது. சுருள் கேபிளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். முடிந்தால் பொழுது சாய்ந்த பிறகு வாருங்கள். வேலை முடிந்ததும் உங்களையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, நான் பின்னால் போய் நிற்கிறேன். கண்ணாடியில் நான் எங்கே நிற்கிறேன் என்று நீங்கள் சொன்ன பிறகு காசு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிம்பாங் பூலாயில் லோரி ஒயரிங் செய்யும் உங்களில் ஒருவன்